என் போனுக்கு யார் போட்ட பூட்டு

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகம் மட்டும் எங்கள் யூனிட்டில் தயாராகிறது. அப்பர் என்போம். தைத்து முடித்த அப்பர் ஒவ்வொன்றும் என் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குப் போக வேண்டும். தையல் தாண்டியிருக்கிறதா, இரண்டு காலும் ஒரே நிறமா, விளிம்பில் பசை வழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியம் தோல். முன்பக்கத்தை உள்ளிருந்து கட்டைவிரலால் தள்ளினால், நல்ல தோல் மெல்லிய கோடாக மடங்கி, விட்டதும் சமமாகிவிடும். மோசமான தோலில் மேல்படலம் கழன்று தடித்த சுருக்கமாக அப்படியே நிற்கும். அதை 'லூஸ்' என்போம். லூஸ் என்று தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்பேன். என் வேலை அவ்வளவுதான்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் எழுத்தில் எதையும் தரமாட்டார். அவருடைய அறை முன்கட்டடத்தில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் ஹாலுக்கு நடந்து வர ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் வரமாட்டார். வந்து சொன்னால் நாற்பது பேர் கேட்பார்கள். போனில் சொன்னால் என் ஒரு காதோடு போயிற்று.

"இன்னா மா, எத்தினி ஜோடி ஹோல்டுல வச்சிருக்க?"

"ஒரு லாட்டே லூஸா இருக்குது சார்."

"உனக்கு எல்லாமே லூஸுதான். கண்டெய்னர் நிக்குது. விட்டு அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலதிகாரி சொன்னால் நம்பிவிடுகிற வயதில் நான் இல்லை. ஆனாலும் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டவள் நான்தான், அதை மறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த லாட் முழுவதையும் வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேனேஜரிடம் கேட்டபோது, "நான் எப்போ சொன்னேன்?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது. 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி எழுத்தில் வந்த முதல் வார்த்தை அதுதான்.

அப்போதுதான் அடுத்த முறை அவர் பேசுவதைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். போனில் பேசும்போதே திரையில் பதிவு செய்யும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால் போதும் என்று நினைத்தேன். மேனேஜர் கூப்பிட்டார். "அந்த பிரவுன் கலர் லாட்ட..." என்று ஆரம்பித்தார். அழுத்தினேன். உடனே போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஆங்கிலத்தில் கணீரென்று அறிவித்தது. எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் சேர்த்து.

"இன்னா மா, ரெக்கார்ட் பண்றியா?" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் அதிசயமாக ஹாலுக்கே வந்தார். தையல் வரிசை நடுவே நின்று, "எல்லாரும் பாத்துப் பேசுங்கப்பா, மேடம் ரெக்கார்ட் பண்ணுவாங்க" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். சிலர் அவருக்காகச் சிரித்தார்கள். தெரிந்தும் அந்தச் சிரிப்பு சுட்டது.

அன்று ரயிலில் ஜோலார்பேட்டைக்குத் திரும்பும்போது எனக்கு மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட அந்தப் போன் மேல் வந்த கோபம்தான் அதிகம். என் போனஸில் வாங்கியது. என் பெயரில் பில் இருக்கிறது. என் கையில் இருந்துகொண்டே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறார். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறவர். நான் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டு, "எதிர்ல பேசறவனுக்குத் தெரியாம ரெக்கார்ட் பண்ணக் கூடாதுன்னுதான் அப்டி வச்சிருப்பான். அதுலயும் நாயம் இருக்குது இல்ல?" என்றார்.

"நாயந்தான். என் மேசைக்கு மேல கம்பெனி கேமரா வச்சிருக்கே, அது என்னிக்காவது இப்போ உன்னைப் படம் புடிக்கிறோம்னு சொல்லிச்சா? காலையில கேட்ல ஒரு ஆப்ல மூஞ்சியக் காட்டறேனே, அது நாள் பூரா நான் எங்க நிக்கறேன்னு பாக்குதே, அதுக்கு ஏன் ஒரு குரல் இல்ல?"

மேலே இருப்பவன் என்னைப் பார்க்கும்போது சத்தமில்லாமல் பார்க்கலாம். நான் அவனைக் கேட்க வேண்டுமென்றால் மட்டும் தண்டோரா போட வேண்டும்.

ஆம்பூர் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற குடும்பம் அவளுடையது. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, இரண்டு கடைகளில் சம்பளத்துக்கு இருந்து, பிறகு தானே கடை போட்டவள். முப்பது வயது இருக்கும். முன்பு ஒருமுறை என் போனின் உடைந்த கண்ணாடியை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவளிடம் போனேன். அந்தக் குரலை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன்.

"சும்மா செட்டிங்ஸ்ல போய் நிறுத்த முடியாது கா. பூட்டை உடைக்கணும். ஐபோனா இருந்தா ஜெயில்பிரேக்னுவாங்க. உங்க போன்ல அதுக்கு ரூட் பண்றதுன்னு பேரு. போன் கம்பெனிக்காரன் போட்ட காவலைத் தாண்டி, போனை முழுசா உங்க கைக்குக் கொண்டாறது."

"அப்போ இத்தினி நாளா முழுசா என் கையில இல்லியா?"

"இல்ல கா. வாடகை வீடு மாதிரிதான். ஆணி அடிக்கணும்னாலும் அவனைக் கேக்கணும்."

ஜெயில் என்ற வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை அதற்குள்ளேயே ஒரு சிறை வைத்து விற்றிருக்கிறார்கள். சாவி அவர்களிடம்.

அவள் ஆசை காட்டவில்லை, அதற்காக அவளை மதிக்கிறேன். நல்லதும் கெட்டதும் சொன்னாள். வேண்டாத ஆப்களைத் தூக்கி எறியலாம், விளம்பரத்தை நிறுத்தலாம், குரல் இல்லாமல் பேச்சைப் பதியலாம். ஆனால் வாரண்டி போய்விடும். போன் கம்பெனி அனுப்பும் அப்டேட் இனி ஒழுங்காக வராது. பேங்க் ஆப் வேலை செய்யாமல் போகலாம். உடைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"இன்னொண்ணு கா. கதவு தொறந்தா உங்களுக்கு மட்டும் தொறக்காது. கண்ட கண்ட ஆப்பைப் போட்டீங்கன்னா அது உள்ள பூந்து எல்லாத்தையும் எடுத்துக்கும். தடுக்கறதுக்கு ஆள் இருக்காது."

"சரி. எப்போ பண்ணுவ?"

"ஏழு நாள் ஆவும். பூட்டைத் தொறக்க மொதல்ல கம்பெனிக்காரன்கிட்டயே ஆன்லைன்ல பர்மிஷன் கேக்கணும். ஏழு நாள் காத்திருன்னுவான்."

"எதுக்கு ஏழு நாள்?"

"நீங்க மனசு மாறுவீங்களான்னு பாக்கறான் போல" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மனசு மாறவும் இல்லை. அந்த ஏழு நாளும் கோபம் குறையாமல்தான் காத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனைக் கொடுத்தேன். படங்களையெல்லாம் என் கணவரின் கணினியில் எடுத்து வைத்திருந்தேன். குறிப்புகளை எடுக்க மறந்துவிட்டேன். நான்கு வருடமாக, எந்த டேனரியில் பதனிட்ட தோல் எந்தப் பருவத்தில் எப்படி வரும், எந்த மாடலில் எந்த இடத்தில் தையல் தாண்டும் என்று நானே போனில் தட்டி வைத்திருந்த குறிப்புகள். அவள் கணினியோடு இணைத்து எதையோ தட்டினாள். போன் அணைந்து, பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் மறுபடி விழித்தது. குறிப்புகள் போனது அன்று சாயங்காலம் ரயிலில்தான் ஞாபகம் வந்தது. யாரைத் திட்டுவது? அவள் எல்லாம் அழியும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

ஆனால் மறுநாள் காலை அந்தப் போனைக் கையில் எடுத்தபோது வந்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். திரையைத் திறந்தால் முதலில் தெரிகிற சூதாட்ட விளம்பரம் இல்லை. நீக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்த ஏழெட்டு விளையாட்டுகள் இல்லை. மதியமே தீர்ந்துபோகிற சார்ஜ் சாயங்காலம் வரை நின்றது. கணவரை மாடிக்கு அனுப்பி, அங்கிருந்து கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்து பார்த்தேன். எந்தப் பெண்ணும் குறுக்கே பேசவில்லை. அவர் "சாப்பாடு ரெடியா?" என்று கேட்டது மட்டும் அழகாகப் பதிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் முதல் அடி விழுந்தது. வருகைப் பதிவு ஆப்பைத் திறந்தால், என் சாதனம் மாற்றப்பட்டிருப்பதாகவும் அனுமதிக்க முடியாது என்றும் சிவப்பில் எழுதி மூடிக்கொண்டது. என் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டது. பதினோரு வருடமாக என்னைத் தெரிந்த வாட்ச்மேன் எதிரில் நிற்கிறார், நானும் நிற்கிறேன், ஆனால் கம்பெனி கணக்கில் நான் வரவில்லை. ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் அதிகாரி என்னைவிட வயதில் சிறியவர்.

"போன்ல ஏதோ பண்ணியிருக்கீங்க மேடம். ஆப் எடுக்காது. நார்மல் போன் எடுத்துட்டு வாங்க."

"நான் வந்திருக்கேன். உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

"எனக்குத் தெரியுது மேடம். சிஸ்டத்துக்குத் தெரியணும் இல்ல?"

பேங்க் ஆப்பும் அப்படியே. டீக்கடையில் டீ குடித்துவிட்டுப் பணம் கொடுக்க ஸ்கேன் செய்தால் பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மூடிக்கொண்டது. யாருடைய பாதுகாப்பு? என் பணம், என் போன், என் விரல் ரேகை. கடைக்காரர் நாளைக்குக் கொடுங்கள் என்று சொன்னதில் எனக்கு அவமானமாக இருந்தது.

மறுபடி கடைக்குப் போனேன். "ஆப்கிட்ட இது உடைக்காத போன்தான்னு பொய் சொல்ல வைக்கலாம் கா. கொஞ்ச நாள் ஓடும். அப்பால அவன் கண்டுபுடிப்பான். நாம வேற வழி பாக்கணும்" என்றாள். ஒருவர் சொன்ன பொய்யை நிரூபிப்பதற்காக என் போனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் செய்யச் சொன்னேன். வருகை ஆப் ஒன்பது நாள் ஏமாந்தது. பேங்க் ஆப் ஒருநாள்கூட ஏமாறவில்லை.

அந்த ஒன்பது நாளுக்குள் மேனேஜர் கூப்பிட்டார். கறுப்பு அப்பர், பெரிய லாட். பாதிக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன், இந்த முறை எந்தக் குரலும் வந்து அவரை எச்சரிக்கவில்லை.

"ஸ்டிக்கரைப் பிச்சிட்டு அனுப்பு மா."

"சார், லூஸ் பீஸ் சார். போன தடவை ரிட்டர்ன் வந்த அதே மாதிரி தோலு."

"தெரியும் மா. எனக்குத் தெரியாதா? டேனரிக்காரன் வேற தோல் தரமாட்டான். கண்டெய்னர் ஏத்தணும்."

"எழுதிக் குடுங்க சார். நான் அனுப்பிடறேன்."

"எழுதறதெல்லாம் எனக்கு வேலையில்ல. சொன்னதைச் செய்."

நான் கையெழுத்துப் போடவில்லை. ஷிஃப்ட் முடிந்து கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் என் மேசை காலியாக இருந்தது. ஸ்டிக்கர்களையெல்லாம் பிய்த்துச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தார்கள். பரிசோதனைத் தாளில் என் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் வேறு யாரோ கிறுக்கியிருந்தார்கள்.

இந்த முறை சரக்கு கடல் தாண்டவில்லை. வாங்குகிறவனின் ஆள் கிடங்கிலேயே பெட்டியைத் திறந்து, நான் செய்வதுபோலவே கட்டைவிரலை விட்டுப் பார்த்திருக்கிறார். லாட் அப்படியே திரும்பி வந்தது. விசாரணை வைத்தார்கள். டைரக்டர், ஹெச்.ஆர். அதிகாரி, மேனேஜர், நான். மேனேஜர் பழையபடி, தான் எதுவும் சொல்லவில்லை என்றார். நான் போனை மேசை மேல் வைத்துப் போட்டுக்காட்டினேன்.

'எனக்குத் தெரியாதா?' என்று அவருடைய குரல் அவர் எதிரிலேயே கேட்டது. அந்த ஒரு நிமிடம் நான் பட்ட பாடெல்லாம் தீர்ந்ததுபோல இருந்தது. மேனேஜர் தண்ணீர் குடித்தார். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பிறகு மேனேஜர் சொன்னார்: "சார், அந்தப் போனை முதல்ல பாருங்க. ஏதோ பண்ணி வச்சிருக்குது. இப்பல்லாம் குரலையே செஞ்சிடறாங்க."

ஹெச்.ஆர். அதிகாரி தயங்கித் தயங்கி ஒரு தாளை எடுத்து வைத்தார். அன்று காலைதான் வருகை ஆப் மறுபடி என் போனைக் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்பியிருந்தது. டைரக்டர் அதைப் படித்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் தோலைப் பற்றிப் பேசவில்லை. எங்கே ரூட் செய்தாய், எதற்குச் செய்தாய், கம்பெனி விஷயம் எதெல்லாம் அந்தப் போனில் இருக்கிறது, வேறு யாரையெல்லாம் பதிவு செய்தாய் என்று கேள்வி கேட்டது என்னைத்தான்.

"சார், ஸ்டிக்கர் குப்பைத்தொட்டியில கெடந்தது. அதைப் பிச்சது யாருன்னு யாராவது கேட்டீங்களா? கையெழுத்து என்னுது இல்ல. அதைப் பாத்தீங்களா? என் போன்ல இருக்கிற பூட்டு போனதுதான் உங்களுக்குப் பெரிசாப் போச்சா?"

குரல் உயர்ந்துவிட்டது. எனக்கே தெரிந்தது. இறக்க மனம் வரவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளில இருங்கம்மா" என்றார் டைரக்டர்.

வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முடிவு இதுதான். மேனேஜரை வேறு ஊரில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அதே பதவி, அதே சம்பளம். எனக்கு முன்பு தந்த மெமோவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக ஒரு வரி வந்தது. அதே உறைக்குள், கம்பெனி ஆப்பின் பாதுகாப்பை மீறியதற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. அது இரண்டு பக்கம். ஒரு பெரிய கப்பல் சரக்கைக் கெடுத்தவருக்கு ஊர் மாற்றம். என் சொந்தப் போனின் பூட்டைத் திறந்த எனக்கு இரண்டு பக்கம். கூடவே, தரம் பார்ப்பவர்கள் இனி போனை கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு வர வேண்டும் என்று நோட்டீஸும் ஒட்டினார்கள்.

அதற்கு நானும் ஒன்று செய்தேன். போன் இல்லையென்றால் போனில் உத்தரவும் வாங்கமாட்டேன் என்று டைரக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒதுக்கி வைத்த பீஸை யார் விடச் சொன்னாலும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பதில் எழுதவில்லை, மறுக்கவும் இல்லை. புதிதாக வந்த மேனேஜர் முதல் வாரம் முறைத்தார். இரண்டாவது வாரம் ஹாலுக்கு நடந்து வந்து கையெழுத்துப் போட்டார். மூன்று லாட்டுக்குப் போடாமலே திரும்பிப் போனார். அந்த மூன்றும் டேனரிக்கே போயின.

போனை மறுபடி பூட்டத்தான் வேண்டியிருந்தது. பேங்க் இல்லாமல், வருகைப் பதிவு இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? பதிவு செய்ததைப் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் பழையபடி ஆக்கிக் கொடுத்தாள். விளையாட்டுகள் எல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தன. பேங்க் ஆப் ஒன்றுமே நடக்காததுபோல, வாங்க வாங்க என்று வரவேற்றது.

போன மாதம் தையல் வரிசையில் இருக்கும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய வேலையிடத்தின் சூப்பர்வைசர் ஒருத்தன் தினம் போன் செய்து அசிங்கமாகப் பேசுகிறானாம். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் வந்து, உடனே வைத்துவிடுகிறானாம்.

"நீங்க உடைச்சீங்களாமே கா. நானும் உடைக்கட்டுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். என்ன கிடைக்கும், என்ன போகும், எது அழியும், எது கதவைச் சாத்தும் என்று ஒன்று விடாமல். முதலில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்யலாம் என்றும் சொன்னேன். அவள் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் கையில இருக்கிறது ஒரே போனுதான் கா. சம்பளம், பையனோட ஸ்கூல் மெசேஜ், கேஸ் புக்கிங், எல்லாம் இதுலதான். இது நின்னுபோச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? வேணாம் கா."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே காரணத்துக்காகத்தான் பூட்டிக்கொண்டேன். ஆனால் மணி அடித்து அவள் எழுந்து போன பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒருத்தன் தினமும் அவள் காதில் அசிங்கத்தைக் கொட்டுகிறான். அவனை எச்சரிக்கக் குரல் வைத்தவர்கள், அவளுக்காக என்ன வைத்திருக்கிறார்கள்? டப்பாவை மூடி வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்கு எந்த நாள் அவளுக்கு வசதிப்படும் என்று கேட்க அவள் வரிசைக்கு நடந்தேன்.